இயற்கைச் சிமெண்டும் பழஞ்சுவர்களும்

பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் சாந்து உதிரத் தொடங்கியதும், அதனைப் பேணுவோர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம், முன்னிருந்ததைக் காட்டிலும் உறுதியான சாந்தைக் கொண்டு இடுக்குகளை அடைத்துவிட வேண்டும் என்பதே ஆகும். கேட்பதற்கு இது நல்ல எண்ணமாகவே இருக்கிறது. ஆனால் நைந்த வேட்டியில் முரட்டுத் துணியை வைத்து ஒட்டுப் போட்டால் என்ன நிகழும் என்பதைத் தையல் அறிந்தவர் அறிவர். ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள துணி கிழியும். இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் நேர்ந்தது இதுவே. போர்ட்லண்டு சிமெண்டால் அடைக்கப்பட்ட இடுக்குகள் கோடு கிழித்தாற்போல நிற்க, அவற்றின் இரு மருங்கும் இருந்த செங்கற்கள் பொடிந்து விழுந்தன.

இந்த இழப்பைக் கண்ட பிறகு, கட்டடக் காப்பாளரிடையே வேறொரு கருத்து வலுப்பெற்றது. சுவரை முதலில் எந்தப் பொருளால் கட்டினார்களோ அந்தப் பொருளாலேயே அதனைச் செப்பனிட வேண்டும் என்பது அக்கருத்து. அதன் பயனாக, மறைந்தே போயிற்று என்று கருதப்பட்ட இயற்கைச் சிமெண்டு மீண்டும் சூளைக்கு வந்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சில அறிவியலின்பாற்பட்டவை, சில வெறும் பெயர் மயக்கத்தால் விளைந்தவை. பின்னவற்றை நம்பிச் சுவரில் கை வைத்தால், போர்ட்லண்டு சிமெண்டு செய்த கேட்டையே இயற்கைச் சிமெண்டும் செய்யக்கூடும்.

பெயர்களிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். இத்துறையில் வழங்கும் பெயர்கள் மூன்றும் மூவகையில் ஏமாற்றுவன. 1796-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் ஒரு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். தேம்சு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஷெப்பித் தீவின் கரையில் கிடைக்கும், களிமண்ணும் சுண்ணாம்பும் ஒன்றிக் கிடக்கும் உருண்டைக் கற்களைச் சுட்டு அரைத்துச் செய்தது அது. விரைவில் அதற்கு உரோமச் சிமெண்டு என்று பெயராயிற்று. உரோமானியர்க்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. அவர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள்; பார்க்கர் எதையும் கலக்கவில்லை. பழம்பெருமை உடைய பெயரைச் சூட்டினால் சரக்கு விலைபோகும் என்பதை அக்காலத்தாரும் அறிந்திருந்தனர் போலும். அடுத்து, 1824-இல் லீட்சு நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தாம் செய்த சிமெண்டுக்குப் போர்ட்லண்டு எனப் பெயரிட்டார். அது போர்ட்லண்டில் விளைந்ததன்று. அவ்வூரில் வெட்டப்படும் உயர்ந்த கட்டடக் கல்லை ஒத்திருக்கும் என்பதே அப்பெயரின் பொருள். ஆஸ்ப்டினின் சரக்குக்கும் இன்று மூட்டைகளில் வரும் போர்ட்லண்டு சிமெண்டுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகுதியாக இல்லை என்பது வேறு செய்தி.

மூன்றாவது பெயரே இன்று மிகுதியாக மயக்குவது. இயற்கைச் சிமெண்டு என்றவுடன், மண்ணிலிருந்து எடுத்தவாறே பயன்படுவது, நெருப்பும் ஆலையும் படாதது, ஆகவே தீங்கற்றது என்றெல்லாம் படிப்போர் எண்ணிக்கொள்கின்றனர். இயற்கை என்னும் சொல்லுக்கு இக்காலத்தில் ஏற்பட்டுள்ள செல்வாக்கு அத்தகையது. உண்மையில் அச்சொல் இங்கே குறிப்பது ஒன்றே ஒன்றைத்தான். சிமெண்டாவதற்கு வேண்டிய சுண்ணமும் களிமண்ணும் உரிய அளவில் ஒரே பாறைக்குள் இயற்கையாகவே கலந்திருக்கின்றன. கலப்பவன் மனிதன் அல்லன். அதன் பிறகு பாறையை வெட்டுவதும், சூளையில் நாட்கணக்கில் சுடுவதும், ஆலையில் அரைப்பதும் முழுக்க முழுக்க மனிதன் வேலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலாளர் அக்கல்லைச் சிமெண்டுப் பாறை என்றே வழங்கினர். தமிழிலும் பாறைச்சிமெண்டு என்று சொல்லியிருந்தால் பாதி மயக்கம் குறைந்திருக்கும். எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுதல் எளிதன்று. இக்கட்டுரையும் வழக்கையே பின்பற்றுகிறது.

இப்பொருள் எங்ஙனம் தொழிற்படுகிறது என்பதை அறிய வெற்றிலைச் சுண்ணாம்பை நினைத்துக்கொண்டால் போதும். தூய சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு நீர் தெளித்தால், அது புகைந்து வெடித்துத் தானே மாவாக நீற்றுப்போகும். அம்மாவு மணலோடு சேர்ந்து சாந்தாகிச் சுவரில் ஏறியபின், காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாகிறது. அதற்குப் பல மாதங்கள், தடித்த சுவராயின் பல ஆண்டுகள், ஆகும். நீருக்கடியில் அது இறுகுவதே இல்லை. களிமண் கணிசமாகக் கலந்த பாறையைச் சுட்டாலோ கதை வேறு. சூளையின் வெப்பத்தில் சுண்ணம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடிவிடுகிறது. நீற்றுப்போகத் தனிச் சுண்ணம் மிச்சமிருப்பதில்லை. அக்கல்லின்மேல் நீர் ஊற்றினால் அது கல்லாகவே கிடக்கும். ஆகவே அதை அரைத்தாக வேண்டும். அரைத்த மாவு நீர் பட்ட சில நிமிடங்களிலோ அரைமணிப் பொழுதிலோ இறுகத் தொடங்கும், நீருக்கடியிலும் இறுகும். இதுவே இயற்கைச் சிமெண்டு.

போர்ட்லண்டு சிமெண்டும் சுண்ணமும் களிமண்ணும் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். உறவு உண்மையே, வேறுபாடு நெருப்பில் இருக்கிறது. இயற்கைச் சிமெண்டு ஏறத்தாழ 800 முதல் 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவது. போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஏறத்தாழ 1,450 பாகை வேண்டும். அவ்வெப்பத்தில் கலவை பாதி உருகிக் கட்டியாகிறது. அப்போதுதான் சில நாட்களிலேயே பெரும் வலிமை தரும் சேர்மம் அதனுள் உருவாகிறது. இயற்கைச் சிமெண்டில் அச்சேர்மம் இல்லை எனலாம். தொடக்க இறுக்கம் விரைவாக இருப்பினும் அதன் வலிமை மெல்ல வளர்வது. அதிலிருந்து பெறும் சாந்தில் நுண்துளைகள் மிகுதி. அது சுண்ணச் சாந்தைவிட வன்மையானது, போர்ட்லண்டுச் சாந்தைவிட நெகிழ்வானது. இந்த நடுநிலையே அதன் சிறப்பு. அதனைக் கையாள்வதில் உள்ள இடர்ப்பாடும் அதுவே.

களிமண்ணின் பங்கை முதலில் தெளிவாகக் கண்டவர் ஜான் ஸ்மீட்டன். எடிஸ்டோன் பாறைமீது கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பை ஏற்ற அவர், 1756-இல் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களை வாங்கி அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். நீரில் நன்கு இறுகிய சுண்ணாம்புகளின் கற்கள் யாவும் கரைந்தபின் களிமண்ணை எஞ்ச விட்டன. கடினமான கல்லே நல்ல சுண்ணாம்பு தரும் என்று உரோமர் காலந்தொட்டு நம்பிவந்த கருத்து அன்றோடு வீழ்ந்தது. ஸ்மீட்டன் சிமெண்டைக் கண்டுபிடித்தார் என்று சில பாடநூல்கள் எழுதுவது தவறு. 1759-இல் முடிந்த அவருடைய விளக்கத்தைப் பிணைத்தது களிமண் கலந்த சுண்ணாம்பும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலும் சேர்ந்த சாந்தே. ஆனால் எந்தக் கல் ஏன் இறுகுகிறது என்ற கேள்விக்கு வழி திறந்துவிட்டவர் அவரே.

அவ்வழியில் மிகப் பெரிதாக நடந்தவர்கள் அமெரிக்கர்கள். ஈரிக் கால்வாய் 1817-இல் தொடங்கியபோது, அதன் பூட்டு மதகுகளை நீர் கரைக்காத சாந்தால் கட்டவேண்டிய தேவை எழுந்தது. கடல் கடந்து வரும் சிமெண்டோ விலை மிகுந்தது. பிரித்தானியக் கால்வாய்களை நடந்தே சுற்றிப் பார்த்துத் திரும்பிய இளம் பொறியாளர் கான்வஸ் வைட், 1818-இல் கால்வாய் செல்லும் வழியிலேயே சிட்டனாங்கோ என்னும் ஊரருகில் ஏற்ற பாறை இருப்பதை அறிந்தார். 1825-இல் டெலவேர் அட்சன் கால்வாயை வெட்டும்போது நியூயார்க் மாநிலத்து ரோசண்டேலில் இன்னும் சிறந்த பாறை கிட்டியது. அப்பாறையில் மக்னீசியமும் மிகுதி. குன்றைக் குடைந்து, கூரை விழாதபடி இடையிடையே பாறைத் தூண்களை விட்டுவிட்டுக் கல்லை எடுத்தனர். அக்குகைகள் இன்றும் நிற்கின்றன. கல்லையும் நிலக்கரியையும் மாறிமாறி அடுக்கிச் சுட்டு, அரைத்து, 300 இராத்தல் கொண்ட பீப்பாய்களில் அடைத்துக் கால்வாய் வழியே அனுப்பினர். புருக்ளின் பாலத்தின் கோபுரங்களும் அடித்தளங்களும் ரோசண்டேல் சிமெண்டால் பிணைந்தவை. கடற்கரைக் கோட்டைகள் பலவும் அதனாலேயே எழுந்தன. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட இயற்கைச் சிமெண்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பீப்பாய். அதுவே உச்சம், அதன் பின் இருபதாண்டுக்குள் போர்ட்லண்டு சிமெண்டு சந்தையைப் பிடித்துக்கொண்டது. ரோசண்டேலின் கடைசிச் சூளை 1970-இல் அணைந்தது.

இத்துறையின் நூல்களைப் பற்றிப் பேசுவோர் ஜெனரல் கில்மோரை விட்டுச் செல்லல் இயலாது. சுண்ணாம்பு, சிமெண்டு, சாந்து ஆகியவை பற்றி 1863-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் காப்பாளர் கையிலிருந்து நீங்காதது. எந்தப் பாறையை எவ்வளவு சுட்டால் என்ன ஆகும் என்று படைப்பொறியாளர்க்கே உரிய கண்டிப்போடு அளந்து எழுதியவர் அவர். அந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1862 ஏப்ரலில், ஜார்ஜியாக் கரையிலுள்ள புலாஸ்கிக் கோட்டையை அவரே முற்றுகையிட்டார். ஏழரை அடி தடித்த செங்கற்சுவரைப் புரியிட்ட பீரங்கிகளால் முப்பது மணி நேரத்தில் துளைத்துத் திறந்தார். செங்கற்கோட்டைகளின் காலம் அன்று முடிந்தது. அக்கோட்டைகளைக் கட்டுவது எப்படி என்று தேர்ந்து எழுதியவரும், அவை பயனற்றவை என்று உலகுக்குக் காட்டியவரும் ஒருவரே.

இனி, போர்ட்லண்டு சிமெண்டு பழஞ்சுவருக்குச் செய்யும் கேடு யாது என்பதைச் சற்று விரிவாகவே காணவேண்டும். இயற்கைச் சிமெண்டின் வழக்கு இதிலேதான் நிற்கிறது. எந்தச் சுவரிலும் நீர் புகும். மழையாகவோ மண்ணின் ஈரமாகவோ கடற்காற்றாகவோ புகுந்த நீர் எவ்வழியேனும் வெளியேறியாக வேண்டும். இடுக்குச் சாந்து நுண்துளை உடையதாக இருப்பின் நீர் அதன் வழியே ஆவியாகும். நீரில் கரைந்திருந்த உப்பு சாந்தின் முகத்தில் பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிரும், மீண்டும் பூசலாம். சாந்து உதிர்வது குறையன்று, அதன் கடமை. அவ்விடுக்கைப் போர்ட்லண்டுச் சாந்தால் அடைத்துவிட்டாலோ நீர் செங்கல்லின் வழியே வெளியேறத் தலைப்படும். உப்பு செங்கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி அத்தோலைத் தள்ளும். பழைய சூளைகளில் வெந்த செங்கல்லுக்குப் புறம் வன்மை, அகம் மென்மை. தோல் ஒருமுறை உரிந்தால் அகம் மாவாய்க் கொட்டும். குளிர்நாடுகளில் இதனோடு உறைபனியும் சேர்ந்துகொள்கிறது. மேலும், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் செங்கல்லுக்கு விட்டுக்கொடுக்காத சாந்து அமையுமானால், விரிசல் செங்கல்லின் விளிம்பிலேயே விழுகிறது. இவற்றையெல்லாம் தொகுத்து, புதிய சாந்து செங்கல்லைவிட மென்மையாகவும் ஆவியை எளிதில் போகவிடுவதாகவும் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் காப்புக் கையேட்டில் விதித்தது.

தவறான சாந்தைப் பின்னர் எடுத்துவிடலாமே என்பார் உளர். எடுக்க முயன்றவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. போர்ட்லண்டுச் சாந்து செங்கல்லின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும். உளியை வைத்துத் தட்டினால் சாந்தோடு விளிம்பும் வரும். நூற்றைம்பது ஆண்டு நின்ற மெல்லிய இடுக்கு, ஒருமுறை தவறாக அடைத்து ஒருமுறை பெயர்த்த பின் இருமடங்கு அகலமாகிப் பல்லிழந்த வாய்போல் காட்சி தரும். கட்டியவன் விட்டுச்சென்ற கோடு அதற்குப் பின் மீளாது.

இத்துணைக் கேடு விளைந்ததற்குக் கொத்தனார்களின் அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுதல் நேர்மையன்று. அமெரிக்கப் பொருட்சோதனைக் கழகம் 1904 முதல் இயற்கைச் சிமெண்டுக்கென ஒரு தரவிதியை வைத்திருந்தது. 1979-இல் அதனை நீக்கிவிட்டது. தரவிதி இல்லாத பொருளை எந்தக் கட்டடக் கலைஞரும் ஒப்பந்தத்தில் எழுத மாட்டார். எழுதவே முடியாத பொருளுக்குப் பதிலாக எளிதில் கிடைப்பது எதுவோ அதுவே சுவரில் ஏறும். அறிஞர் மன்றங்களும் இதில் பங்குடையனவே. 1931-இல் ஏதென்சு நகரில் கூடிய காப்பாளர் மாநாடு, புதிய பொருள்களை, சிறப்பாக இரும்புக்கம்பி இட்ட கான்கிரீட்டை, பழஞ்சின்னங்களைச் செப்பனிடப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் அளித்தது. 1964-ஆம் ஆண்டின் வெனிசுச் சாசனமே, மரபுமுறை போதாது எனத் தெரிந்த இடத்தில் மட்டும், அனுபவத்தால் மெய்ப்பிக்கப்பட்ட புதுமுறையைக் கொள்ளலாம் என்று அதனைக் கட்டுப்படுத்தியது. இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளில் பூசப்பட்டவை எத்தனை சுவர்கள்!

2004-இல் ரோசண்டேல் சிமெண்டு மீண்டும் சுடப்பட்டது; 2006-இல் தரவிதியும் மீண்டும் இடம்பெற்றது. இவ்வளவும் நன்மையே. இந்த இடத்தில்தான் திறனாய்வு கண்விழித்திருக்க வேண்டும். பழம்பொருளே திரும்பக் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்னும் மனநிலை பரவுவது நன்றன்று. மூன்று காரணங்களால் அது பிழையாகும்.

இயற்கைச் சிமெண்டு என்பது ஒரு பொருளின் பெயர் அன்று, ஒரு குடும்பத்தின் பெயர். கலவையின் அளவைப் பாறையே முடிவு செய்வதால் பாறை மாறச் சிமெண்டு மாறும். ஒரே குகையில் மேலடுக்குக் கல்லும் கீழடுக்குக் கல்லும் வேறு வேறு. ஒரே சூளையில் நடுவில் வெந்ததும் ஓரத்தில் வெந்ததும் வேறு வேறு. மிகையாய் வெந்த மக்னீசியக் கல் பல மாதங் கழித்துச் சுவருக்குள் விரிந்து தொல்லை தருவதும் உண்டு. பழைய ஆலைக்காரர்கள் இவற்றைக் கலந்து சமன் செய்தனர். ஆகவே ரோசண்டேல் சிமெண்டால் கட்டியது, ரோசண்டேல் சிமெண்டால் செப்பனிட்டோம் என்பது சான்றாகாது. நெல் என்று சொல்லிவிட்டால் எல்லா நெல்லும் ஒன்றாகிவிடுமா? அன்றியும் அக்காலத்துப் பொறியாளர் சிமெண்டைத் தனியே பயன்படுத்தியதினும் சுண்ணாம்போடு கலந்து பயன்படுத்தியதே பல இடங்களில் காண்பது. ஜோசப் டாட்டன் என்னும் படைப்பொறியாளர் நியூப்போர்ட்டு நகரின் ஆடம்சு கோட்டையில் ஆண்டுக்கணக்காகச் செய்த சோதனைகள், சிமெண்டும் சுண்ணாம்பும் மணலும் எவ்வளவுக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதைப் பற்றியனவே. அந்த அளவைக் கண்டறியாமல் பெயரை மட்டும் கண்டறிவதில் பயனில்லை.

சுவர் கெட்டதற்குச் சாந்தே காரணம் என்று முன்முடிவு செய்வது மற்றொரு பிழை. இதற்குப் புளோரிடாவின் தென்கோடிக் கடலில், கீ வெஸ்டுக்கு ஏறத்தாழ 70 மைல் மேற்கே நிற்கும் ஜெபர்சன் கோட்டை தக்க சான்று. 1846-இல் தொடங்கி முப்பதாண்டளவு கட்டியும் முடியாத கோட்டை அது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் உள்ளன. உள்நாட்டுப் போர் மூண்டதும் தென்மாநிலச் செங்கல் வரவு நின்று, வடமாநிலச் செங்கல் வரத் தொடங்கியது. அதனால் சுவரின் கீழ்ப்பகுதி ஒரு நிறமும் மேற்பகுதி ஒரு நிறமுமாய் இருப்பதை இன்றும் காணலாம். இக்கோட்டையின் புறச்சுவர் பெயர்ந்து கடலில் விழுந்ததற்குத் தலையாய காரணம் சாந்தன்று. பீரங்கி வாயில்களில் டாட்டன் பொருத்திய இரும்புக் கதவுகள், குண்டு வெடிக்கும் வேகத்தில் தாமே திறந்து தாமே மூடிக்கொள்ளும் அரிய பொறிகள். அவ்விரும்பு உப்புக்காற்றில் துருவேறிப் பருத்தது. பருத்த இரும்பு தன்னைச் சூழ்ந்த செங்கல்லை நெட்டித் தள்ளியது. இரும்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு எத்துணை உயர்ந்த இயற்கைச் சிமெண்டைப் பூசினாலும் அச்சுவர் மறுபடி விழத்தான் செய்யும். நோய் இன்னதெனத் தெளியுமுன் மருந்தின் பழமையைப் புகழ்வது மருத்துவமாகாது.

மூன்றாவது பிழை, சுண்ணச் சாந்தால் கட்டிய சுவருக்கும் இயற்கைச் சிமெண்டே மரபுமுறை என்று கொள்வது. போர்ட்லண்டோடு ஒப்பிடுங்கால் இயற்கைச் சிமெண்டு மென்மையானதுதான். சுண்ணாம்போடு ஒப்பிடுங்கால் அது வன்மையானது. சுண்ணாம்பையே அறிந்த பழஞ்சுவருக்கு அதுவும் வலிய விருந்தாளியே. இவ்வேறுபாடு இம்மண்ணிலுள்ளோர் கருத்தூன்ற வேண்டிய ஒன்று. சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தூய அந்திரேயர் பேராலயத்தின் உட்சுவர்ப் பூச்சு, மதராசுச் சுண்ணம் என்று பெயர் பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து, பூசிய பின் வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினார்கள் என்று, அக்கைதிகளை மேற்பார்த்த மக்நேயர் 1899-இல் வெளியான நூலில் எழுதிவைத்தார். அதில் சிமெண்டு ஏதும் இல்லை. அது தூய சுண்ணாம்பின் கலை. பழைய முறை என்ற ஒரே தலைப்பின்கீழ் ரோசண்டேலையும் மதராசுச் சுண்ணத்தையும் ஒரு கூடையில் போடுவோர் இரண்டுக்கும் தீங்கிழைப்பவரே ஆவர். சென்னை மாகாணத்துக் கொத்தனார் கைத்திறன் கடல் கடந்து வந்து நிற்கும் சுவரில், வேறொரு நாட்டின் மரபைக் கொண்டுவந்து பூசுவது மரபைக் காத்தலாகாது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது ஒருவகையில் இதன் மறுபுறம். அங்கே உரோமச் சிமெண்டு கோட்டைச் சுவரினும் வீட்டு முகப்பிலேயே மிகுதியாக விளங்கியது. வியன்னா, புடாபெஸ்டு, பிராகு, கிராக்கோ முதலிய நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மாளிகைகளின் தூண்தலைகளும் பூவேலைகளும் மனித முகங்களும் பெரும்பாலும் கல்லில் செதுக்கியவை அல்ல. உரோமச் சிமெண்டை அச்சில் வார்த்தவை. சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் ஓர் அச்சிலிருந்து ஒரே நாளில் பல உருவங்களை எடுக்கலாம். அதன் இயல்பான தவிட்டு நிறமே அக்கட்டடங்களுக்கு அழகாய் இருந்தது. பின்வந்தவர்கள் அதன்மேல் சாயத்தின்மேல் சாயமாகப் பூசி மறைத்தார்கள். மறைத்த பின் உள்ளிருப்பது இன்னதென்பதையே மறந்தார்கள். மறந்தபின் சிலர் அதைச் சுண்ணாம்பு என்றனர், சிலர் போர்ட்லண்டு என்றனர். இரண்டு தீர்ப்பின்படியும் தவறான மருந்தே கிடைத்தது. 2003 முதல் 2006 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு பல நாட்டு ஆய்வாளர் கூடி நடத்திய ஆராய்ச்சி இம்மறதியைப் போக்கத் தலைப்பட்டது. தகுந்த களிமண் சுண்ணக் கற்களைத் தேடி, குறைந்த வெப்பத்தில் சுட்டு, பழஞ்சிமெண்டை ஒத்த ஒன்றை அவர்கள் மீண்டும் பெற்றனர். அம்முகப்புகளில் வலைபோல் மெல்லிய விரிசல்கள் ஓடுவதும், அவ்விரிசல்களோடேயே அவை நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்பதும் அவர்கள் ஆராய்ந்தவற்றுள் அடங்கும். விரிசல் கண்ட இடமெல்லாம் அடைக்கத் துடிக்கும் கைக்கு இது நல்ல படிப்பினை.

ஆனால் பொருள் கிடைத்தால் போதுமா? அரைமணிக்குள், சில வகைகளில் ஐந்தே நிமிடத்துக்குள், இறுகிவிடும் சாந்தைப் போர்ட்லண்டுக்குப் பழகிய கை எங்ஙனம் ஆளும்? சிறிதளவு எலுமிச்சைப் புளிப்பு அமிலத்தைச் சேர்த்து இறுக்கத்தைத் தாமதப்படுத்துவர். அளவு தவறினால் சாந்து இறுகாமலே நின்றுவிடும். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் நீர் விட்டுப் பிசைந்து பூசினால் அது வெளியே உறுதிபோலக் காட்டி உள்ளே பொடிந்துபோகும். சிறிது சிறிதாகப் பிசைந்து உடனுக்குடன் பூசிவிடும் பழக்கம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக் கொத்தனாரோடு போயிற்று. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் வட்டாரத்தில் மட்டும் இயற்கைச் சிமெண்டுத் தொழில் இடையறாது நடந்து வந்தமையால், அங்கே கைப்பழக்கமும் முற்றும் அழியவில்லை. பிற இடங்களில் சிமெண்டை முதலில் சுட்டுவிட்டார்கள். கையைப் பயிற்றும் வேலை பின்தங்கியே நடக்கிறது. மூட்டையின்மேல் அச்சிட்ட குறிப்பைப் படித்துக் கற்கத்தக்க வேலை இதுவன்று. விற்போர் தம் சரக்கைப் புகழ்வது இயல்பு. அப்புகழுரையைக் காப்பாளர் ஆய்வுரையாக மேற்கோள் காட்டுவதுதான் குறை.

ஒரு சுவரில் உள்ளது எச்சாந்து என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லுதல் அரிது. ஸ்மீட்டனின் முறைப்படி சிறு கட்டி ஒன்றை அமிலத்தில் கரைத்தால் மணலின் அளவு தெரியும். ஆனால் கிளிஞ்சல் மணலோ பவழ மணலோ கலந்திருப்பின் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். கடற்கோட்டைகளில் இவ்வகையில் ஏமாறல் எளிது. கட்டியை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. இயற்கைச் சிமெண்டாயின், முழுதும் வேகாத பாறைத்துணுக்குகளும் மிகையாய் வெந்த துணுக்குகளும் இடையிடையே கிடக்கும். ரோசண்டேல் வகையில் பழைய மக்னீசியப் படிகங்களின் சாய்சதுர வடிவம் சுட்ட பின்னும் சிதையாமல் தெரிவதுண்டு. சூளைக்காரனின் கவனமும் கவனக்குறைவும் அத்தகட்டில் பதிந்திருக்கின்றன. அதன் பிறகு, அந்தப் பாறைக்கு நெருங்கிய சிமெண்டையும் அந்த அளவுச் சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து, கட்டடத்தின் மழையும் வெயிலும் படும் மூலை ஒன்றில் இரண்டு முழச் சதுரம் மட்டும் பூசி, ஓராண்டின் பருவங்கள் கடக்கும்வரை அதனைத் தொடாமல் விட்டுப் பார்ப்பார்கள். ஒப்பந்தக்காரர்க்குப் பிடிக்காத பகுதி இதுவே. செப்பனிடும் செலவுத் திட்டங்களில் முதலில் வெட்டப்படும் வரியும் இதுவாகத்தான் இருக்கிறது.